ஐட்டம் போட்டு ஆடுவதா, நிப்பாட்டி ஆடுவதா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சித்திரை லீவுக்கு லண்டன்ல இருந்து வந்த பெரியம்மாட மகன் நிண்டெண்டோ சுவிட்ச் எண்ட கேம் மெஷினையும் சூப்பர் ஸ்மாஷ் ப்ரோஸ் அல்டிமேட் எண்ட சண்டை ஆட்டத்தையும் எங்களிட்டக் குடுத்திட்டுப் போனவர். முதல் ரெண்டு நாளும் நாலு பேரும் ஐட்டம் (நடுவில வந்து விழுற குண்டு, மட்டை) எல்லாம் போட்டு விளையாடினம், ஒரே சிரிப்பு. மூணாம் நாள் அவர் 'இது ஆட்டமே இல்ல, ஐட்டத்த நிப்பாட்டு, தட்டை ஸ்டேஜ்ல ஒத்தைக்கு ஒத்தை வா' எண்டார். நாங்க ஒரு மெட்ச் கூட வெல்லல்ல. என்ட தம்பி அண்டையோட கொன்ட்ரோலரைத் தொடுறதில்ல. எது சரியான ஆட்டம்? ஆவணில அவர் திரும்ப வாறார், அதுக்குள்ள அவர வெல்ல ஏலுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி. ஆவணிக்குள் அவரைத் தொடர்ந்து வெல்ல ஏலாது. பத்து மெட்சில் இரண்டு, மூன்றை எடுக்க ஏலும், அதற்கான வழியைக் கீழே எழுதுகிறேன். எது சரியான ஆட்டம் என்பதற்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும். உங்கள் வீட்டில் நடந்தது கல்லடியில் எங்கள் விறாந்தையிலும் நடந்தது. நான் போட்டி விதியில் ஆட விரும்புகிறவன். அப்படியிருந்தும் உங்கள் பெரியம்மாட மகன் சொன்னதில் பாதி பிழை என்பேன். உங்கள் தம்பி கொன்ட்ரோலரை வைத்துவிட்டுப் போனதற்குள்ளும் ஒரு பிழையான எண்ணம் ஒளிந்திருக்கலாம், அதையும் பார்ப்போம்.

இந்த ஆட்டம் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இதைப் படைத்த மசாஹிரோ சகுராய் ஒருமுறை ஆர்கேட் எனும் காசு போட்டு ஆடுகிற கூடம் ஒன்றில் 'கிங் ஒஃப் ஃபைட்டர்ஸ் 95' என்ற சண்டை ஆட்டம் ஆடினார். எதிர்ப்பக்கம் இருந்தவரைக் கொம்போ (விடாமல் தொடரும் அடி வரிசை) மேல் கொம்போ போட்டு நொறுக்கினார். பிறகு பார்த்தால், அங்கே இருந்தது ஆட்டம் பழகாத ஓர் இளம் சோடி. அது தன்னை உறுத்தியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த உறுத்தலும் சேர்ந்துதான் நாலு பேர் ஒரே திரையில் ஆடுகிற, நீளமான பட்டன் வரிசைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லாத ஒரு சண்டை ஆட்டத்தை அவர் யோசித்தார். பின்னாளில், இதை வெளியிடுகிற நிண்டெண்டோ நிறுவனத்தின் தலைவரான சட்டோரு இவாட்டாதான் அதன் முதல் மாதிரிக்கு நிரல் எழுதினார். 1999 ஜனவரி 21 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ 64 மெஷினில் 12 கரெக்டர்களுடன் அது வெளிவந்தது. ஆக, பழகாதவனைப் பழகியவன் நொறுக்கும்போது வருகிற கசப்பு இந்த ஆட்டம் பிறப்பதற்கு முன்பே அதன் கூட இருந்த ஒன்று. உங்கள் வீட்டில் மூன்றாம் நாள் வந்ததும் அதே கசப்புத்தான்.

ஆட்டத்தின் அடிப்படையை விளக்க எனக்கு நம்மூர்த் தலையணைச் சண்டையை விட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. சித்திரை விளையாட்டு விழாவில் பார்த்திருப்பீர்கள். கிடையாகக் கட்டிய மரத்தில் இரண்டு பேர் முகத்துக்கு முகம் இருப்பார்கள், ஒரு கை முதுகுக்குப் பின்னால், மறு கையில் தலையணை. யாருக்கு எத்தனை அடி விழுந்தது என்று ஒருவரும் எண்ணுவதில்லை. மணலில் விழுந்தானா, இல்லையா? அதுதான் கணக்கு. முதல் நாலைந்து அடிக்கு ஆள் ஆடுவான், சமாளிப்பான். பத்து அடிக்குப் பிறகு தொடைப்பிடி தளர்ந்துவிடும். அப்போது காதோரம் மெல்லத் தட்டினாலே போதும், ஆள் கீழே. ஸ்மாஷில் அடி விழ விழத் திரையின் அடியில் 0 இலிருந்து ஏறுகிற வீதம் அந்தத் தொடைப்பிடிதான். மற்றச் சண்டை ஆட்டங்களில் உயிர்க்கோடு தேய்ந்து முடிந்தால் தோல்வி. இங்கே வீதம் 150 ஆனாலும் ஸ்டேஜுக்குத் திரும்பிவர முடிந்தால் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். வீதம் மாற மாற ஒரே அடி வேறு தூரத்துக்கு எறிவதால், மனப்பாடம் செய்த கொம்போ எல்லா நேரமும் ஓடாது. புதியவரும் பழையவரும் அந்த இடத்தில் கண்ணால் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

2001 நவம்பரில் அடுத்த ஸ்மாஷ் ஆட்டமான 'மெலீ' வந்தது. அதற்குள் சகுராய் எதிர்பார்த்ததை விட ஆழம் இருந்தது. பாய்ந்த உடனே, திசைத் தடியைத் தரையை நோக்கிச் சரிவாகத் தள்ளிக்கொண்டு காற்றில் விலகும் பட்டனை அழுத்தினால் ஆள் நின்ற நிலையிலேயே சறுக்குவான். காற்றில் அடித்துவிட்டு இறங்கும்போது, தரை தொடுவதற்கு முந்திய 7 ஃபிரேமுக்குள் (ஃபிரேம் என்பது திரையில் மாறுகிற ஒரு படம்) ஷீல்ட் எனும் தடுப்புப் பட்டனைத் தட்டினால் இறங்கும் தாமதம் பாதியாகும். ஒரு செக்கனுக்கு 60 ஃபிரேம், ஆகவே 7 ஃபிரேம் என்பது எட்டிலொரு செக்கனை விடக் குறைவு. இதையெல்லாம் பொடியன்கள் வீடுகளில் பெட்டி டிவிகளைச் சுமந்துபோய் வைத்து, விடிய விடிய ஆடிப் பழகினார்கள்.

ஐட்டத்தை நிப்பாட்டியதும் அந்தப் பொடியன்கள்தான். அதற்குக் காரணம் திமிர் இல்லை. தொடக்க காலப் போட்டிகள் பலவற்றில் ஐட்டம் இருந்தது. நீங்கள் அடிக்கக் கையை ஓங்குகிறீர்கள், அதே இடத்தில் வானத்திலிருந்து ஒரு பெட்டி விழுகிறது, உங்கள் அடி அதில் பட்டு வெடிக்கிறது, நீங்களே பறந்துபோகிறீர்கள். மெலீயில் மற்ற ஐட்டங்களை ஒவ்வொன்றாக நிறுத்தலாம், இந்தப் பெட்டி, பீப்பாய்களை மட்டும் தனியே நிறுத்த வழி இல்லை. ஆகவே மொத்தமாக நிறுத்தினார்கள். பஸ் பிடித்து, காசு கட்டி வந்த ஒருவன் தான் செய்யாத பிழைக்காக வீட்டுக்குப் போவது நியாயமில்லை என்பதுதான் அந்த முடிவுக்குள் இருந்த எண்ணம். 2008இல் லாஸ் வேகாஸில் நடந்த, சண்டை ஆட்டங்களுக்கான ஈவோ என்ற பெரிய போட்டியில் அப்போது புதிதாக வந்த 'ப்ரோல்' என்ற ஸ்மாஷ் ஆட்டத்தை ஐட்டத்தோடு நடத்திப் பார்த்தார்கள். ஆடுகிறவர்கள் மத்தியில் அது எடுபடவில்லை. அதே ப்ரோலில் ஓடத் தொடங்கும்போது கரெக்டர் சிலவேளை தானாக இடறி விழும். வல்லவரையும் புதியவரையும் கிட்டக் கொண்டுவரச் செய்த ஏற்பாடு அது. புதியவர்களுக்கும் அது எரிச்சலைத்தான் கொடுத்தது, 2014இல் வந்த அடுத்த ஆட்டத்தில் எடுத்துவிட்டார்கள். விழுகிற குண்டைக் கண்டு ஓட ஏலும். காரணமில்லாமல் உங்கள் காலே இடறினால் என்ன செய்ய ஏலும்? அதிர்ஷ்டத்திலும் நல்லது கெட்டது உண்டு என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

போட்டி ஆட்டக்காரர்கள் இந்த ஆட்டத்தின் மேல் எவ்வளவு பற்று வைத்திருக்கிறார்கள் என்பதற்கு 2013ஐச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஈவோவின் கடைசி இடத்துக்கு எந்த ஆட்டம் என்பதை மார்புப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான நன்கொடையை வைத்துத் தீர்மானித்தார்கள். 12 வருஷம் பழைய மெலீக்காக அதன் ஆட்டக்காரர்கள் 94,000 டொலருக்கு மேல் சேர்த்தார்கள். பிறகு அதை நேரலையாகக் காட்ட நிண்டெண்டோ முதலில் தடை சொல்லி, எதிர்ப்புக் கிளம்பியதும் விட்டுக்கொடுத்தது. ஐட்டம் இல்லாமல் ஆடுகிறவர்களுக்கு ரசனை இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பெரியம்மாட மகனுக்கு வருகிறேன். தட்டை ஸ்டேஜ் மட்டும்தான் சரி என்று அவர் சொல்லியிருந்தால், அது போட்டி விதியே இல்லை. அல்டிமேட் போட்டிகளில் தட்டையான ஃபைனல் டெஸ்டினேஷனோடு பெட்டில்ஃபீல்ட், ஸ்மாஷ்வில், பொக்கிமொன் ஸ்டேடியம் 2, டவுன் அண்ட் சிட்டி போன்றவையும் ஆடப்படும். முதல் ஸ்டேஜை இருவரும் மாறி மாறி நீக்கித் தெரிவு செய்வார்கள். அடுத்த மெட்சுக்கு வென்றவர் சிலவற்றை விலக்க, தோற்றவர் மீதியில் ஒன்றைத் தெரிவு செய்வார். தட்டை ஸ்டேஜில் தூரத்திலிருந்து எறிகிற கரெக்டர்களுக்கு வாய்ப்புக் கூட, ஏனென்றால் ஏறித் தப்ப மேல்தட்டு இல்லை. அவர் எறிகிற கரெக்டரை எடுத்துக்கொண்டு உங்களைத் தட்டையில் மட்டும் நிறுத்தியிருந்தால், அடுத்த முறை "தோத்தவன் ஸ்டேஜ் தெரிவு செய்யிறதுதானே முறை?" என்று கேளுங்கள். மறுக்க ஏலாது.

"இது ஆட்டமே இல்ல" என்று அவர் சொன்னதுதான் பெரிய பிழை. மென்பந்துக் கிரிக்கெட்டை யோசியுங்கள். நம் வளவுக்குள் ஆடும்போது மதிலைத் தாண்டினால் அவுட், பக்கத்து வீட்டுக் கூரையில் பட்டால் அவுட், ஆள் காணாவிட்டால் கீப்பர் பொது. அதைப் பார்த்து ஒருவரும் "இது கிரிக்கெட்டே இல்ல" என்பதில்லை. வளவின் அளவுக்கும் வந்திருக்கிற ஆட்களுக்கும் ஏற்றபடி விதி செய்கிறோம். மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் கடினப்பந்தில் ஆடும்போது வேறு விதி. ஐட்டம் இல்லாமல் மூன்று உயிரோடு ஒற்றைக்கு ஒற்றை என்பதும் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட வீட்டு விதிதான். ஆட்டத்தின் பெட்டியில் அப்படி எழுதி வரவில்லை.

ஐட்டத்தோடு நாலு பேர் ஆடும்போது திறமையே இல்லை என்பதும் சரியில்லை. யார் யாரோடு மோதுகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். குண்டு விழுந்த இடத்துக்கு ஓடுவதா, அதை எடுக்கப் போகிறவனை மடக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். நேரக் கணக்கு ஆட்டத்தில் ஒருவரை விழுத்தினால் ஒரு புள்ளி கூடும், நீங்கள் விழுந்தால் ஒன்று குறையும். ஆகவே மற்றவர் அடித்துத் தளர்த்தியவனைக் கடைசித் தட்டுத் தட்டி விழுத்துகிறவன் வெல்லுவான். ஒற்றைக்கு ஒற்றையில் இந்தக் கெட்டித்தனத்துக்கு இடமே இல்லை. வேறு கெட்டித்தனம், அவ்வளவுதான்.

2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன நேரம் எங்கள் விறாந்தையில் ஒரு கதிரையின் மேல் சுவிட்சை நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கத்துக் கொன்ட்ரோலரையும் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடித்து ஆடுவோம். பெட்டரி இருக்கும் மட்டும்தான் ஆட்டம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், உயிர் போனவர் அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது. எந்தப் பட்டன் எதற்கு என்று சரியாகத் தெரியாது. ஹோம் ரன் பெட் என்ற மட்டை ஐட்டம் ஒன்று விழுந்தது, ஓடிப்போய் எடுத்தாள், நான் கிட்ட வரும்வரைக்கும் நின்றாள், ஓங்கி ஒரு அடி. அந்த 'டிங்' சத்தத்தோடு நான் திரைக்கு வெளியே போனேன். பிள்ளை குதித்த குதியில் கதிரை ஆடியது. அடுத்த நாள் கரண்ட் போனதும் முதல் ஆளாக வந்து படியில் இருந்தவள் அவள்தான். இரண்டு மாதத்தில் ஷீல்ட் பிடிக்கவும் கவ்வி எறியவும் என்னிடம் கேட்டுப் பழகினாள். அந்த பெட் இல்லாவிட்டால் அவள் இரண்டாம் நாள் வந்திருக்க மாட்டாள்.

நம்மூருக்கு இது மிகவும் முக்கியம். லண்டனில் இருக்கிறவர் ஒருவரை வெறுக்கவைத்தாலும் அடுத்த கிழமை வேறு பத்துப் பேரோடு ஆடலாம். மட்டக்களப்பில் வாவிக்கு இரண்டு கரையும் தேடினாலும் நேரில் ஆட ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். போட்டி ஆட்டம் பழகிய புதிதில் நானும் ஐட்டம் போட்டு ஆட மாட்டேன் என்று நின்றேன். வந்தவர்களையெல்லாம் வென்றேன். மூன்று மாதத்தில் விறாந்தை வெறிச்சோடிப்போனது. நான் வெல்வதற்கும் ஆள் இல்லை, கற்பதற்கும் ஆள் இல்லை. அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கவலைதான். சின்ன ஊரில் போட்டி ஆட்டக்காரர் ஒருவருக்கு எதிராளியை வளர்த்துக் கொடுப்பதே அந்தக் கலகலப்பான நாலு பேர் ஆட்டம்தான்.

உங்கள் தம்பியைக் கேளுங்கள், எதற்காகக் கோபம்? அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, "விழுறவனை ஏன் அடிக்கிறார்?" ஸ்டேஜுக்கு வெளியே போனவன் திரும்பி வரும்போது குறுக்கே நின்று அடிப்பது அநியாயமாகத் தெரியும். ஆனால் அவன் இன்னும் தோற்கவில்லை, வந்துகொண்டிருக்கிறான். கோட்டுக்கு ஓடிவருகிறவனை ரன் அவுட் ஆக்குவதில்லையா? மற்றது, "ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்." அடிக்கட்டும். மறுமருந்து தெரியாத வரைக்கும்தான் அது பலமாகத் தெரியும். தெரிந்த பிறகு அதே பழக்கம் அவருக்குப் பொறியாகும். இதை அநியாயம் என்று சொல்லி ஒதுங்கினால் கற்க வேண்டிய இடத்திலேயே கற்பது நின்றுவிடும்.

சரி, ஆவணிக்குள் என்ன செய்யலாம்? ஒரே கரெக்டரை எடுங்கள். மரியோ போதும், எல்லாம் அளவோடு உள்ளவர். கரெக்டரை மாற்றிக்கொண்டே இருந்தால் கை பழகாது. பிறகு கல், தாள், கத்தரிக்கோல் மாதிரி மூன்றை மனதில் பதியுங்கள்: அடியை ஷீல்ட் தடுக்கும், ஷீல்டைக் கவ்வல் உடைக்கும், கவ்வ வருகிறவனை அடி முந்தும். தோற்கிற புதியவர்களைக் கவனித்தால், அவர்கள் கவ்வவே மாட்டார்கள். எதிராளி ஷீல்டுக்குள் இருக்க, அதன் மேல் அடித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த ஒன்றைத் திருத்தினாலே நாலிலொரு மெட்ச் மாறும் என்பது என் அனுபவம். குட்டிப் பாய்ச்சலையும் பழகுங்கள். பாயும் பட்டனைத் தட்டி உடனே விட்டால் பாதி உயரம்தான் எழும்பும், அதிலிருந்து இறங்கிக்கொண்டே அடிப்பதுதான் பாதி ஆட்டம். வெளியே எறியப்பட்டால் இரண்டாம் பாய்ச்சலை உடனே செலவழிக்காதீர்கள். அது போனால் வருகிற வழி எதிராளிக்குத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட, அவருடைய கையைப் பாருங்கள். கரையில் தொங்கி ஏறும்போது ஒவ்வொரு முறையும் உருண்டு உள்ளே வருகிறாரா? அடி வாங்கியதும் பாய்கிறாரா? ஒரு பழக்கத்தை மட்டும் கண்டுபிடித்து, அது வரும் இடத்தில் முன்கூட்டியே போய் நில்லுங்கள். வல்லவரிடம் எடுக்கிற இரண்டு மெட்சும் அங்கேதான் இருக்கிறது. அவர் லண்டனில் இருக்கும்போது ஒன்லைனில் ஆடிப் பழக வேண்டாம். சிக்னல் போய்வர 150 மில்லி செக்கன் எடுத்தால் அது 9 ஃபிரேம். மரியோவின் சின்னக் குத்து 2ஆம் ஃபிரேமிலேயே வந்துவிடும். பிந்திப் பிந்திப் பழகிய கை நேரில் ஆடும்போது குழம்பும். சுவிட்ச் இல்லாத கூட்டாளிகள் இருந்தால் ப்ரோல்ஹல்லா என்ற ஆட்டத்தை இறக்கச் சொல்லுங்கள். இலவசம், 2020 ஆவணியிலிருந்து போனிலும் ஓடுகிறது, அடித்து வெளியே தள்ளுவது அதிலும் அதே முறைதான்.

அவர் வந்ததும் முதல் நாளே விதியைக் கதைத்துக்கொள்ளுங்கள். அல்டிமேட்டில் விதித் தொகுப்புகளைச் சேமித்து வைக்கலாம். வீட்டுக்கு ஒன்று, போட்டிக்கு ஒன்று என இரண்டை இப்போதே செய்து வையுங்கள். பின்னேரம் எல்லோரும் இருக்கும்போது வீட்டு விதி, தம்பி படுத்த பிறகு நீங்களும் அவரும் போட்டி விதி. ஒரு கரெக்டரை ஒருமுறை எடுத்தால் பிறகு எடுக்க ஏலாத ஸ்மாஷ்டவுன் என்ற முறையும் இருக்கிறது. அவருடைய கைப்பழக்கமான கரெக்டர் முதல் சுற்றோடு போய்விடும் என்பதால் நாலு பேருக்கும் பொருந்தும். வல்லவரைக் கூடிய வீதத்தோடு தொடங்க வைக்கிற வசதியையும் போட்டுப் பாருங்கள். அதைக் குறைவாக நினைக்கிறவர்கள் உண்டு, நான் நினைப்பதில்லை. அவருக்கு அது உண்மையான சோதனை, கவனம் சிதறினால் தோல்விதான். அல்லது குழு ஆட்டத்தில் அவரை ஒரு பக்கமும் உங்களையும் தம்பியையும் மறுபக்கமும் விடுங்கள். தன் பக்கத்து ஆளுக்கும் அடி படுகிற மாதிரி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை மூலைக்குள் வைத்து அடிக்கிற சலிப்பு வந்துவிடும்.

கூட்டாளிகளைச் சேர்த்துப் போட்டி வைக்கவும் நினைப்பு வரும், வைக்க வேண்டும். எட்டுப் பேர் வந்தால் எல்லோரும் எல்லோரோடும் ஆட 28 சந்திப்பு வேண்டும், ஒரு சுவிட்சில் அது முடியாது. நாலு நாலு பேராக இரண்டு குழுவாகப் பிரித்தால் 12தான், பிறகு அரையிறுதியும் இறுதியும். ஒருவன் குறைந்தது மூன்று பேரோடு ஆடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஒரு தோல்வியோடு வெளியேற்றுகிற முறை வேண்டாம், பஸ்ஸில் வந்த பொடியன் பத்து நிமிஷத்தில் திரும்பிப் போவான், அடுத்த முறை வரமாட்டான். வெளியேறியவர்களுக்கு இன்னொரு சுவிட்சும் டிவியும் கிடைத்தால் அதில் ஐட்டத்தோடு நாலு பேர் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். உங்கள் தம்பியை அந்த இரண்டாவது திரைக்குப் பொறுப்பாக விடுங்கள். யார் அடுத்தது, எந்த ஸ்டேஜ், எந்த ஐட்டம் என்பதெல்லாம் அவன் கையில்.